எழாத புகையின் பேரேடு

அன்னாசிப்பழத்தின் மணம் எந்தெந்த வஸ்துக்களால் ஆனது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு ரசாயன அறிஞரிடம், பழத்திலிருந்து எழும் ஆவியைக் கடுங்குளிரில் உறையவைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேகரிக்கும் கருவி ஒன்று இருந்தது. கலிபோர்னியாவின் பாசடீனாவில், கால்டெக் கலாசாலையில் அவருடைய ஆய்வுக்கூடம். அருகிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின்மீது நாள்தோறும் கவிந்து, கண்ணைக் கரிக்கச் செய்து, இருமலை வரவழைத்த பழுப்பு மூட்டத்தின் காரணம் யாருக்கும் விளங்காதிருந்த அந்த 1940-களின் இறுதியில், அவர் அன்னாசியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றையே அக்கருவிக்குள் செலுத்திப் பார்த்தார். துர்நாற்றம் வீசும் பழுப்புத் திரவம் சில துளிகள் அடியில் தங்கின. மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் வாயுக்கள் சூரிய வெளிச்சத்தில் கூடிச் சமைத்த விஷமே அம்மூட்டம் என்று அவர் நிரூபித்ததற்கு அத்துளிகளே பிள்ளையார் சுழி. 1967-இல் சட்டம் இயற்றிக் கலிபோர்னியா காற்றுவள வாரியத்தை ஏற்படுத்தியபோது, அதன் முதல் தலைவர் பதவி அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

குப்பியில் அடைத்து முகர்ந்து பார்க்கக்கூடிய ஒரு பிரத்யட்சமான பொருளில் தொடங்கிய அந்த வாரியம், இன்று நடத்திவரும் கணக்குகளில் ஒன்று, எழுந்திருக்கக்கூடிய, ஆயினும் எழாமற்போன புகையைப் பற்றியது. இந்த இல்லாத புகை டன் கணக்கில் அளக்கப்படுகிறது, ஒருவர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, மற்றொருவருக்கு விற்கப்படுகிறது, வாரந்தோறும் அதன் சராசரி விலையை வாரியம் வெளியிடுகிறது. நியாய சாஸ்திரம் கற்ற நம் முன்னோர் 'அபாவம்' என்று இன்மையையும் ஒரு பதார்த்தமாக வைத்து விவாதித்தார்கள் என்பது உண்மையே என்றாலும், அதற்கு டாலரில் விலை வைக்கலாம் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இந்த வியவகாரத்தின் மூலம் 2007 ஜனவரியில் கலிபோர்னியா ஆளுநர் பிறப்பித்த ஓர் ஆணை. அப்போது ஆளுநராக இருந்தவர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். திரையில் அவரைக் கண்டு களித்தவர்களுக்கு அவர் செய்த இக்காரியம் அவ்வளவாகத் தெரிந்திராது. மாநிலத்தில் விற்கும் வாகன எரிபொருள்களின் கார்பன் செறிவு 2020-க்குள் குறைந்தது 10 சதவீதம் தாழ வேண்டும் என்பது ஆணை. 2009 ஏப்ரலில் வாரியம் அதை விதியாக ஏற்றது. 2011-இலிருந்து குறைப்பு தொடங்கியது. இடையில் ஒரு வழக்கினால் சில ஆண்டுகள் 1 சதவீதத்திலேயே நின்று, பிறகு நகர்ந்தது. 2018-இல் செய்த திருத்தம் 2030-க்கு 20 சதவீதம் என்றது. 2024 நவம்பர் 8-ஆம் தேதி வாரியம் அதை 30 ஆக்கி, 2045-க்கு 90 என்றும் நிர்ணயித்தது.

கார்பன் செறிவு என்பது என்ன? ஓர் எரிபொருளின் ஒரு மெகாஜூல் ஆற்றலைப் பெறுவதற்காக, வயலில் உழுத டிராக்டர் முதல் கடைசியில் வண்டியின் புகைக்குழாய் வரை, வழிநெடுக எத்தனை கிராம் கரியமில வாயு, அல்லது அதற்குச் சமமான பிற வாயு, வெளிப்பட்டது என்ற கணக்கு. சாதாரண டீசலுக்கு இது ஏறக்குறைய 100 கிராம். ஆண்டுதோறும் தாழ்ந்துகொண்டே போகும் ஓர் அளவுகோலை வாரியம் நிர்ணயிக்கிறது. அளவுகோலுக்கு மேற்பட்ட எரிபொருளை விற்பவர் கணக்கில் பற்று விழும். கீழ்ப்பட்டதை விற்பவருக்கு வரவு. ஒரு வரவு என்பது ஒரு மெட்ரிக் டன். ஆண்டு முடிவில், பற்று வைத்திருப்பவர் எவரிடமிருந்தாவது வரவை வாங்கி நேர்செய்தாக வேண்டும். இவ்வளவுதான் சட்டத்தின் சாரம். மற்றதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை. ஆனால் இந்த அத்தியாயத்தின் விஷயமே அந்தக் கணக்குப்பிள்ளை வேலைதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே அந்தப் பழமொழி தலைகீழாகிவிடுகிறது. சுரைக்காய் ஏட்டில் மட்டுமே காய்க்கிறது, கொடி என்று வேறொன்று கிடையாது. நிலத்துக்குப் பட்டா தொலைந்தால் நிலம் தொலைவதில்லை. பக்கத்து வயல்காரர் வரப்பைக் காட்டுவார், கிணறு இருந்த இடத்தில் இருக்கும், வில்லங்கச் சான்று போட்டு மீண்டும் எழுதி வாங்கிவிடலாம். எழாத புகைக்கு வரப்பும் இல்லை, கிணறும் இல்லை. பதிவேட்டில் அந்த வரி இருக்கும் வரையில் அது இருக்கிறது, அழித்தால் இல்லை. இந்தச் சூட்சுமத்தை விதியை எழுதியவர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு, இந்த வரவு எவ்வகையிலும் சொத்து ஆகாது என்று விதியிலேயே எழுதி வைத்திருப்பது சாட்சி. விற்கலாம், வாங்கலாம், ஆண்டுக்கணக்கில் காலாவதியின்றிச் சேர்த்து வைக்கலாம். ஆனால் அது உங்கள் சொத்து அல்ல.

ஆகையால் இந்தப் பேரேட்டுக்குள் நுழைவது அவ்வளவு எளிதன்று. இணையத்தின் வழியே நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முதல் வாசலில் எரிபொருளுக்கு ஜாதகம் கணிக்கிறார்கள். இரண்டாம் வாசலில் அதன் கொடுக்கல் வாங்கல்களை எழுதுகிறார்கள். இரண்டாவதை, எரிபொருள் அறிக்கைக் கருவியும் வரவு வங்கியும் மாற்று முறையும் என்று நீட்டி முழக்கிப் பெயரிட்டிருந்தாலும், அதில் புழங்குகிறவர்கள் எல்.ஆர்.டி. என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். ஒரு கம்பெனி அதில் கணக்குத் திறக்கும்போது, அதன் சார்பில் முதன்மைப் பொறுப்பாளர் ஒருவரையும் துணைப் பொறுப்பாளர் ஒருவரையும் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டும்; தாங்கள் எழுதுவது உண்மை என்று அவர்கள் கையொப்பமிட்டு ஏற்க வேண்டும். தரகர்களும் தங்களுக்கென்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாசலில் நடப்பது சற்று நின்று பார்க்கத்தக்கது. எரிபொருள் தயாரிப்பவர் தம் ஆலையின் கதை முழுவதையும் அங்கே ஒப்படைக்கிறார்: எந்தப் பயிர், எவ்வளவு மின்சாரம், எத்தனை மைல் தூரம் ரயிலில், எவ்வளவு தூரம் கப்பலில். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் உருவான கிரீட் என்ற கணக்கு முறையைக் கலிபோர்னியாவுக்கென்று திருத்தி வைத்திருக்கிறார்கள். அதில் இந்தத் தகவல்களை இட்டால் ஓர் எண் பிறக்கும். அந்த எண்ணை வாரியம் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால், அந்த ஆலையின் அந்த எரிபொருளுக்கு ஒரு பாதைக் குறியீடு வழங்கப்படும். அதற்குப் பிறகு அந்த எண்ணெய் எங்கு சென்றாலும் அந்தக் குறியீடு கூடவே செல்லும்.

ஜாதகம் என்று சொன்னது வேடிக்கைக்காக மட்டும் அன்று. இதிலும் கணிப்பவரைப் பொறுத்துப் பலன் மாறுவதுண்டு. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் வடித்தால், உணவுக்குப் போக வேண்டிய சோளம் குறைகிறது, விலை ஏறுகிறது, உலகத்தின் வேறேதோ மூலையில் ஒருவர் காட்டை அழித்து உழுகிறார். அந்தக் காடு வெளியிட்ட கரியையும் இந்த எத்தனாலின் கணக்கில்தானே எழுத வேண்டும்? எழுத வேண்டும் என்று வாரியம் முடிவு செய்து, பொருளாதார மாதிரிகளைக் கொண்டு 2009-இல் சோள எத்தனாலுக்கு மெகாஜூலுக்கு 30 கிராமும், கரும்பு எத்தனாலுக்கு 46 கிராமும் இந்த மறைமுகப் பாவத்துக்காகச் சேர்த்தது. 2015-இல் அந்த எண்கள் முறையே 19.8 ஆகவும் 11.8 ஆகவும் இறங்கின. இந்த ஆறு ஆண்டுகளில் கரும்பு மாறவில்லை. காடும் கணக்குக்குத் தக்கபடி திரும்ப முளைத்துவிடவில்லை. கணிக்கும் மாதிரி திருந்தியது. இதை வைத்துக்கொண்டு முழுக் கணக்கும் கற்பனை என்று கைகழுவுகிறவர்கள் உண்டு; நான் அந்தக் கட்சி அல்ல. காடு அழிவதைப் பூஜ்யம் என்று எழுதுவது, 46 என்று எழுதுவதைவிடப் பெரிய பிழை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் தசம ஸ்தானத்துடன் அச்சிட்ட ஓர் எண்ணைக் கண்டவுடன் அதை நிறுத்துப் பார்த்த எடை என்று மயங்கிவிடலாகாது.

இனி ஒரு லாரியைப் பின்தொடர்வோம்.

தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸ் என்னும் கடலோரத் தொழிற்பேட்டையில், பின்லாந்து தேசத்து நெஸ்டே கம்பெனியின் ஆலை ஒன்று இருக்கிறது. ஆசியாவின் பல சமையலறைகளில் பொரித்து முடித்த எண்ணெயும், மிருகக் கொழுப்பும் அங்கே வந்து, ஹைட்ரஜனுடன் வினைபுரிந்து, எஞ்சினுக்கு வித்தியாசம் தெரியாத டீசலாக மாறுகின்றன. அங்கிருந்து கப்பல்கள் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து கலிபோர்னியாவுக்குச் சென்று வந்திருக்கின்றன. இவ்விதமான எண்ணெய், கரை இறங்கிய பின், ஒரு டாங்கர் லாரியில் 8,000 கேலன் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேலனுக்கு ஏறத்தாழ 130 மெகாஜூல் வீதம் லாரியில் இருப்பது 10,40,000 மெகாஜூல். அவ்வாண்டின் அளவுகோல் 90 கிராம் என்றும், இந்த எண்ணெயின் பாதைக் குறியீட்டில் உள்ள செறிவு 30 கிராம் என்றும் கொண்டால், மெகாஜூலுக்கு 60 கிராம் மிச்சம். பெருக்கி, கிராமை டன்னாக்கினால், 62.4. அதாவது அறுபத்திரண்டு வரவுகளும் சொச்சமும். இதே லாரியில் சாதாரண டீசல் இருந்திருந்தால், அது அளவுகோலை மீறும் அந்தப் பத்துச் சொச்ச கிராமுக்காக, சுமார் 11 பற்று விழும். ஆக, பொரித்த எண்ணெய் லாரி ஒன்று, சாதாரண டீசல் லாரிகள் ஐந்துக்கும் சற்று மேலானவற்றின் கடனைத் தீர்க்க வல்லது. 2020-இன் தொடக்கத்தில் ஒரு வரவு ஏறக்குறைய 200 டாலர் விற்றது. அந்த விலைக்கு, லாரியில் உள்ள எண்ணெயின் விலையைத் தவிர, அதன் எழாத புகைக்கு மட்டும் 12,000 டாலருக்கு மேல் கிடைத்திருக்கும்.

லாரியோடு ஒரு சரக்கு மாற்றுச் சீட்டும் செல்கிறது. எத்தனை கேலன், எந்தப் பாதைக் குறியீடு, இந்த எண்ணெயின் வரவுக்கு உரிமை இப்போது விற்பவரிடமே நிற்கிறதா, அல்லது எண்ணெயோடு சேர்ந்து வாங்குபவருக்குப் போகிறதா என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பத்திரங்களில் 'மாவடை மரவடை உள்பட' என்று எழுதுவார்களே, அதைப் போல.

காலாண்டு முடிந்தவுடன் விற்றவரும் வாங்கியவரும் தனித்தனியே, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், இந்தக் கொடுக்கல் வாங்கலை எல்.ஆர்.டி.யில் பதிகிறார்கள். அதற்கு 45 நாள் தவணை. அடுத்த 45 நாள், ஒத்துப்பார்ப்பதற்கு. மார்ச்சில் முடியும் காலாண்டுக்கு ஜூன் 30. ஜூனில் முடிவதற்குச் செப்டம்பர் 30. இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி நாள். விற்றவர் பத்தியில் 8,000 என்றும் வாங்கியவர் பத்தியில் 8,000 என்றும் இருந்தால் தொல்லையில்லை. ஆனால் வெயிலில் நின்ற லாரியின் எண்ணெய் 27 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது என்று வையுங்கள். விதிப்படி கேலனை 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது நம் கணக்கில் 15.6 டிகிரியில், இருந்தால் எவ்வளவோ அவ்வளவாகத் திருத்தி எழுத வேண்டும். சூட்டில் எண்ணெய் விரியும். எட்டாயிரம் கேலனில் ஏறக்குறைய எழுபது கேலன் வெறும் வெப்பத்தினால் வந்த வீக்கம். ஒருவர் மீட்டரில் கண்டதை அப்படியே எழுதி, மற்றவர் திருத்தி எழுதியிருந்தால், இரண்டு பத்திகளும் ஒத்துப்போகா. எழுபது கேலன் களவு போனதா, கசிந்ததா, சூடா என்று இரண்டு கம்பெனிகளின் கணக்கர்களும் மாறி மாறித் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். இவ்வளவு பெரிய பருவநிலைக் கொள்கையின் பாரம் முழுவதும், இறுதியில், இப்படி ஒரு தெர்மாமீட்டரின் மேல் வந்து உட்காருவதைப் பார்க்கையில் எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டு.

எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒரே எண்ணை எழுதினால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்பது வியாபாரிகளின் பழைய யுக்தி. செட்டிநாட்டுப் பேரேடுகள் முதல் வங்கிக் கணக்குகள் வரை எல்லாவற்றின் அஸ்திவாரமும் அதுவே. சாதாரண டீசலின் விஷயத்தில் இந்த யுக்தி மிக அழகாக வேலை செய்கிறது. பற்று என்பது கடன். அதை மற்றவர் தலையில் கட்ட இருவருமே முயல்வார்கள். ஆகையால் ஒருவர் எழுதியதை மற்றவர் கழுகுக் கண்ணோடு பார்ப்பார். வரவின் விஷயம் வேறு. அங்கே விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். இல்லாத எண்ணெய்க்கு இருவரும் மனமொத்து ஒரே எண்ணை எழுதினால், கணினி இரண்டு பத்திகளையும் பார்த்து, ஒத்திருக்கின்றன என்று மகிழ்ந்து, வரவு வைத்துவிடும். ஒத்திருப்பது வேறு, இருப்பது வேறு.

இந்தப் பேதத்தை அமெரிக்கா கற்றுக்கொண்டது கலிபோர்னியாவில் அன்று, மேரிலாந்தில். அந்நாட்டு மத்திய அரசுக்கும் இதையொத்த ஓர் எரிபொருள் திட்டம் உண்டு. அதில் ஒவ்வொரு கேலன் உயிரி எரிபொருளுக்கும் ரின் என்ற அடையாள எண் பிறக்கும். தொடக்கத்தில் அது 38 இலக்கங்கள் கொண்டது. கைக்குக் கை மாறுகையில், ஒருவர் ஓர் இலக்கத்தைப் பிசகாக எழுதினால் அந்தப் பிசகு அடுத்தடுத்த எல்லார் கணக்கிலும் தொற்றிக்கொண்டே போகும். இந்தத் தொல்லையை ஒழிப்பதற்காகவே 2010 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எல்லாக் கொடுக்கல் வாங்கல்களையும் ஒரே மத்தியக் கணினியின் வழியாக நடத்தத் தொடங்கியது. எழுத்துப் பிசகு ஒழிந்தது வாஸ்தவமே. ஆனால் கிளீன் கிரீன் ஃப்யூயல் என்ற பெயரில் மேரிலாந்தில் கம்பெனி நடத்திய ஒருவர், ஒரு சொட்டு பயோடீசலும் தயாரிக்காமல், 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ரின்களை விற்று, 90 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்துவிட்டார். அவருடைய எண்கள் இலக்கணப் பிழையின்றி இருந்தன. அதிகாரிகள் விசாரிக்க வந்தபோது, 2,700 உணவகங்களிலிருந்து பொரித்த எண்ணெய் சேகரிப்பதாகச் சொன்னார். அவற்றுள் ஒன்றின் விலாசத்தையேனும் சொல்ல அவரால் இயலவில்லை. 2013-இல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரிடம் வாங்கிய பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு மீண்டும் ஒரு முறை பணம் கொடுத்து உண்மையான ரின்களை வாங்க நேர்ந்தது. வாங்குபவரே ஜாக்கிரதை என்பதுதான் அந்தத் திட்டத்தின் சட்டம்.

ஆகவே கணினிக்கு வெளியே, காலால் நடந்து போய்ப் பார்க்கிற ஒரு மூன்றாம் மனிதர் வேண்டும் என்றாயிற்று. கலிபோர்னியாவில் 2018-இன் திருத்தத்தால் இந்த ஏற்பாடு வந்தது. வாரியம் அங்கீகரித்த சரிபார்ப்பாளர்கள் ஆலைக்கு நேரில் செல்கிறார்கள். எண்ணெய் வந்த சீட்டுகளையும் மின்சார ரசீதுகளையும் புரட்டுகிறார்கள். மீட்டர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்கிறார்கள். ஆகஸ்ட் 31-க்குள் தங்கள் தீர்ப்பை வாரியத்திடம் அளிக்கிறார்கள். ஒரே சரிபார்ப்பாளர் ஒரே கம்பெனியை ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்க்கக் கூடாது. பழக்கம் தாட்சண்யத்தை வளர்க்கும் என்பதை விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். சரிபார்ப்பவர்களுக்குக் கூலி கொடுப்பவர் மட்டும் சரிபார்க்கப்படும் கம்பெனிதான். ஆடிட்டர்களின் உலகமெங்கும் இதுவே நடைமுறை என்பார்கள். எங்கும் நடப்பது என்பதனால் அது எனக்கு உவப்பாகிவிடவில்லை.

திரவ எரிபொருளையாவது லாரியில் பார்க்கலாம். மின்சாரத்துக்கும் இதே பேரேட்டில் இடம் உண்டு என்பதுதான் விந்தை. மின்சாரக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஓடும் தூரம், அதே ஆற்றலுள்ள பெட்ரோலில் ஓடும் தூரத்தைப் போல 3.4 மடங்கு என்று 2018-இன் விதி கொண்டது. அளவுகோல் 90, மின்சாரத்தின் செறிவு 80 என்று வைத்தால், இந்த மடங்கையும் சேர்த்துக் கணக்கிடுகையில், யூனிட்டுக்கு ஏறக்குறைய 814 கிராம் மிச்சமாகிறது. 1,230 யூனிட் ஏற்றினால் ஒரு வரவு. பொது இடத்தில் சார்ஜ் நிலையம் வைத்திருப்பவர், ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் இட்ட வரிசை எண்ணையும், அது நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் பதிந்து வைக்கிறார். பூமியில் அந்த ஒரு புள்ளிக்கு இரண்டு பேர் உரிமை கோர முடியாது. வீட்டில் இரவில் சார்ஜ் ஏறும் காருக்கு இப்படி ஒரு புள்ளி கிடையாது. அங்கே தனி மீட்டரும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த வரவின் பெரும்பங்கு, மதிப்பீட்டின் பேரில், அப்பகுதியின் மின் வினியோகக் கம்பெனிக்குப் போகிறது. காரின் சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருக்கிறார். தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு பண்டம் உற்பத்தியாகி, விற்பனையும் ஆகிவிட்டது என்பது இத்தகைய சொந்தக்காரர்களுள் பலருக்குத் தெரியாது.

இவையெல்லாவற்றையும் விட விசித்திரமானது பசு. சான் ஹொவாகின் பள்ளத்தாக்கின் பெரும் பால்பண்ணைகளில், ஆயிரக்கணக்கான மாடுகளின் சாணத்தைத் தண்ணீரால் அடித்துக் குளங்களில் தேக்குகிறார்கள். அது அங்கே அழுகி மீத்தேனை வெளியிடும். குளத்தின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, அந்த வாயுவைப் பிடித்து, சுத்தம் செய்து, வண்டிக்கு எரிபொருளாகக் கொடுத்தால், காற்றில் கலந்திருக்க வேண்டிய மீத்தேன் கலக்கவில்லை என்பதற்காகவும் சேர்த்து மதிப்பெண் உண்டு. ஒரு டன் மீத்தேனை 25 டன் கரியமில வாயுவுக்குச் சமமாக எழுதிவந்ததால், இவ்வாயுவின் கார்பன் செறிவு பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் இருநூறு, முந்நூறு என்று இறங்குகிறது. எரிக்க எரிக்கப் புகை குறையும் எரிபொருள்! கணக்கு தவறா என்றால், தவறு என்று சொல்லிவிட முடியாது. குளம் திறந்து கிடந்தால் அந்த மீத்தேன் எழுந்திருக்கும் என்பது மெய். ஆனால் சாணத்தை உலர்த்தி எருவாக்கும் பண்ணைக்காரர், தொடக்கத்திலேயே குளம் வெட்டாதவர், அவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. அவர் தவிர்ப்பதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லையே! பண்ணைகளுக்கு அருகில் வாழும் ஏழை மக்கள், இந்த வருமானம் மந்தைகளைப் பெருக்கவே தூண்டும் என்று பல ஆண்டுகளாக ஆட்சேபித்து வருகிறார்கள். இல்லாத ஒன்றை அளக்கும்போது, எது இருந்திருக்கும் என்று முதலில் ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்; பணம் முழுவதும் அந்தத் தீர்மானத்தில் இருக்கிறது.

இவ்வாறு நாலாபக்கமும் வரவு சேர்ந்ததில், 2023-இன் முதல் காலாண்டில் கலிபோர்னியாவில் எரிந்த டீசலில் பாதிக்கு மேல் பூமிக்கடியிலிருந்து வராததாக இருந்தது. எந்த அளவுகோலால் பார்த்தாலும் இது வெற்றி. அந்த வெற்றியே பேரேட்டில் வேறு விதமாகத் தெரிந்தது: பயன்படாமல் தேங்கிய வரவுகள் இரண்டு கோடியைத் தாண்டின, 200 டாலருக்குப் போனது 60, 70 டாலருக்கு இறங்கியது. நம் லாரியின் பன்னிரண்டாயிரம் டாலர் நாலாயிரமாகச் சுருங்கிற்று. எண்ணெயிலும் மாற்றமில்லை, புகையிலும் மாற்றமில்லை. அளவுகோலை விரைவாகத் தாழ்த்தினாலன்றித் தேக்கம் கரையாது என்பதால்தான் 2024 நவம்பரில் வாரியம், பெட்ரோல் விலை ஏறிவிடும் என்ற பெருங்கூச்சலுக்கு இடையே, அந்தப் புதிய திருத்தத்தை நிறைவேற்றியது. 2025 ஜூலை 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது.

சரி, ஒருவர் வரவை விற்றுவிட்டார். வாங்கியவர் அதைத் தம் பற்றுக்கு ஈடுசெய்து தீர்த்தும்விட்டார். பிறகுதான் அந்த வரவு பொய் என்று தெரியவருகிறது. எழுதியவரைப் பிடிக்கலாம் என்றால் அந்தக் கம்பெனியே கதவை மூடிவிட்டது. அப்போது என்ன செய்வது? அதற்கென்று பேரேட்டில் ஒரு தனிக் கணக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. உரிய காலத்தில் கோராமல் விட்ட வரவுகள், ஜாதகத்தில் சொன்ன எண்ணைவிட நன்றாக நடந்துகொண்ட ஆலைகள் கேட்காத மிச்சம், கணக்கை மூடிக்கொண்டு போனவர்களின் கடைசிக் காலாண்டுச் சொச்சம், எல்லாம் அதில் வந்து விழுகின்றன. எவருக்கும் உரிமையில்லை, விற்பனைக்கும் இல்லை. எங்கேயோ ஓர் ஆலை சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகப் புகைந்தது. வேறெங்கேயோ ஒருவர் மீட்டர் கணக்கைத் தாமதமாகக் கொண்டுவந்தார். அந்தச் சில்லறைகளைச் சேர்த்து வைத்து, பொய்யென்று தெரிந்த டன்கள் வரும் நாளில், அந்தக் குடத்திலிருந்து அத்தனை டன் எடுத்து அழித்துவிட்டு, இரண்டு பத்திகளையும் நேர்செய்கிறார்கள்.